இனிக்காத ஒரு மிடறு

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நானும் என் மனுசனும் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு சாராயக் கடை நடத்தினோம். ஊரிலிருந்து சொந்தக்காரர் போன் எடுத்துக் கேட்டால் பலசரக்குக் கடை என்றுதான் சொல்வோம். முன்பக்கம் பாலும் பாணும் முட்டையும் இருந்தபடியால் அது முழுப் பொய்யும் இல்லை. பின்பக்கச் சுவர் முழுக்கப் போத்தல். அவ்வளவையும் தூசி தட்டி, விலை ஒட்டி அடுக்குவது நான்தான். வாசலில் கால் வைக்கிறவனுடைய முகத்தைப் பார்த்தே எந்தப் போத்தலை எடுப்பான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு சொட்டு வாயில் வைத்தது கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் விம்பிள்டன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்து, அதே நெற்றியோடு நின்று வைன் விற்பேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. விற்கிறது தொழில், குடிக்கிறது வேறு விஷயம்.

ஆகவே எனக்கு வைனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தட்டில் அடுக்குகிற அளவுக்குத்தான். சிவப்பு இடப்பக்கம், வெள்ளை குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில். இனிப்பு வைன் என்றால் போத்தலிலேயே 'ஸ்வீட்' என்று எழுதியிருக்கும். எங்கள் கடைக்கு வந்தவையெல்லாம் அப்படித்தான் வந்தன. வயதான வெள்ளைக்கார மனுசிகள் நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் வாங்கிப் போவார்கள். எழுதாமல் விட்டது எல்லாம் இனிக்காதது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மோசம்போனது இதில்தான்.

என் மனுசன் குடிப்பார். குடிவெறிகாரன் இல்லை, ருசி பார்க்கிற ஆள். அது பிரான்சில் பிடித்த பழக்கம். லண்டனுக்கு வரமுதல், அகதியாக அங்கே அலைந்த காலத்தில், போர்தோவுக்குத் தெற்கே சோத்தேர்ன் என்கிற ஒரு பக்கத்தில் முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டத்தில் பழம் பிடுங்கப் போயிருக்கிறார். அந்த இடத்து வைன் உலகம் முழுக்கப் பேர்போன இனிப்பு வைனாம். பழத்தில் பூஞ்சணம் பிடித்து அது சுருங்கி அழுகுகிற மாதிரி வந்த பிறகுதான் பிடுங்குவார்களாம். முதல் நாள் அழுகலைப் பிடுங்கச் சொன்னபோது தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்தாராம். அந்த இனிப்பு வைன் வேலைக்காரருக்குக் கிடைக்காது, அது பணக்காரரின் மேசைக்குப் போவது. ஆனால் பூஞ்சணம் பிடிக்கமுதல் நல்ல பழத்தைப் பிடுங்கி, அதே தோட்டத்தில் இன்னொரு வெள்ளை வைனும் செய்வார்கள். மத்தியானம் பாணோடும் சீஸோடும் பிடுங்குகிறவர்களுக்கு ஊற்றியது அதைத்தான்.

"தேன் மாதிரி மணக்கும். வாயில வைச்சா இனிப்பெண்டதே இராது. மூக்கை ஏமாத்திற வைன்," என்பார்.

கலியாண வீடு, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று ஒரு இடம் மிச்சம் விடாமல் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று. கதையை விட்டுவிட்டு வந்த சாமானை இறக்குங்கோ என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே போய் இறக்குவார். எனக்கு வாய் நீளம், அவருக்குப் பொறுமை நீளம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் எங்கள் இரண்டு பேருடைய சத்தமும் அதுதான்.

பிறகு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. அந்தக் கதையை நீட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஆஸ்பத்திரி, ஊசி, ஸ்கான், திரும்பவும் ஆஸ்பத்திரி என்று மாதங்கள் போயின. ஆள் பாதியாகிப் போனார். கடைசியில் ஒரு டொக்டர் எங்களை இருத்தி வைத்து, மிகவும் மரியாதையாக, இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டோடு வைத்துப் பாருங்கள் என்றார். முன்னறையில் யன்னலோரமாகக் கட்டிலைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சில நாளில் ஒரு காலை தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இஞ்சேரும், ஏன் இப்பிடிச் சீனியை அள்ளிப் போட்டனீர்?"

நான் ஒரு கரண்டிகூடப் போடவில்லை. சொன்னால் நம்பவில்லை. மத்தியானம் சொதியும் இனிக்குது என்றார். அடுத்த நாள் ரசம் இனித்தது. ஊறுகாய் இனித்தது. பாவற்காயை உப்பில் பிரட்டிப் பொரித்துக் கொடுத்தேன், அதையும் மென்றுவிட்டுக் சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தார். வெறும் தண்ணீர் இனிக்கிறது என்று சொன்ன அன்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குசினிக்குப் போய்த் தாச்சிச் சட்டியை எடுத்துக் கழுவுகிற தொட்டிக்குள் ஓங்கிப் போட்டேன். யாரில் கோபம் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ், மருந்தும் நோயும் சேர்ந்து சிலருக்கு நாக்கை இப்படிக் குழப்பும், சிலருக்கு எல்லாம் இரும்பு மாதிரி இருக்கும், இவருக்கு இனிப்பு விழுந்திருக்கிறது என்றாள். மாறுமா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இனிப்பை வெறுக்கிற மனுசன் அவர். கலியாண வீட்டில் லட்டைப் பக்கத்து இலைக்குத் தள்ளுகிற ஆள். அவருக்கு இந்தத் தண்டனை. சாப்பாடு நின்றது. கஞ்சியில் இரண்டு வாய், அதோடு சரி. சாவு வருகிறது என்பதை நான் எப்படியோ விழுங்கிக்கொண்டேன். வாயெல்லாம் பாணி ஊற்றின மாதிரி இனித்துக்கொண்டு, ஒரு சோற்றைக்கூட ருசிக்க முடியாமல் போகப் போகிறார் என்பதைத்தான் என்னால் விழுங்க ஏலவில்லை. ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒன்றை வாயில் வைத்துவிட்டு 'இது இனிக்கேல்லை' என்று சொல்லட்டும். கோயிலில் நின்று அதைத்தான் கேட்டேன். உயிரைக் கேட்கவில்லை, அது கிடைக்காதென்று தெரியும்.

ஒரு பின்னேரம் அவராகவே வாயைத் திறந்தார்.

"அந்த வைன் ஒரு மிடறு கிடைச்சா இந்த இனிப்பு அறுமெண்டு நினைக்கிறன்."

"எந்த வைன்?"

"சோத்தேர்ன் தோட்டத்தில தந்தது. இனிக்காதது."

எங்கள் கடையில் அது எப்படி இருக்கும். சரக்கு எடுக்கிற மொத்தக் கடையில் கேட்டேன், கேள்விப்படவே இல்லை என்றான். இவருடைய தம்பி ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். அந்த நாட்களில் தினமும் வந்து கடையையும் எங்களையும் பார்த்துக்கொண்டவர். ஒன்லைனில் போட்டால் இரண்டொரு நாளில் வந்துவிடும், நான் போட்டுத் தாறன் அண்ணி என்றார். இரண்டொரு நாள் என்ன, இரண்டொரு மணித்தியாலத்தைக்கூட நம்புகிற நிலைமையில் நாங்கள் இல்லை. அதைவிட, நானே போய் எடுத்துக்கொண்டுவந்து என் கையால் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதம். தம்பியை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு நோதேர்ன் லைன் ரெயின் பிடித்துச் சிற்றிக்குள் போனேன்.

அது நிலக்கீழ் அறையில் மரத் தட்டுகளோடு இருந்த பெரிய வைன் கடை. சனிக்கிழமை, சரியான சனம். ஏப்ரன் கட்டிய பெடியன் ஒருவன் உதவி வேண்டுமா என்று வந்தான். வேண்டாம் என்றேன். நானும் ஒரு வைன் கடைக்காரிதானே, போத்தல் தேட எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமோ என்ற திமிர்தான். பிரான்ஸ் தட்டைக் கண்டுபிடித்தேன். சோத்தேர்ன் என்று பெரிதாக எழுதின போத்தலையும் கண்டுபிடித்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் 'ஸ்வீட்' என்ற சொல் இல்லை. அரைப் போத்தலாக வேறு இருந்தது. நோயாளிக்கு ஏற்ற அளவு, கடவுளாகப் பார்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். காசு வாங்கும்போது அந்தப் பெடியன், சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கவா என்று கேட்டான். இரண்டு வாய் கஞ்சி உள்ளே போன பிறகுதானே கொடுப்பது என்று எண்ணி ஓம் என்றேன். நல்ல தெரிவு என்று சொல்லி அழகாகச் சுற்றித் தந்தான்.

வந்ததும் தம்பியைக் கடைக்கு அனுப்பினேன். கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைக் கழுவித் துடைத்து, இரண்டு விரல் அளவு ஊற்றினேன். அறை முழுக்கத் தேன் மணம். அவர் சொன்னது அப்படியே, மூக்கை ஏமாற்றுகிற வைன். கட்டிலில் அவரை நிமிர்த்தித் தலையணை வைத்துக் கிளாஸைக் கையில் கொடுத்தேன்.

அவர் அதை உடனே குடிக்கவில்லை. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கனநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். பழைய ஞாபகமோ என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். என் தலை கலைந்து, ரெயினில் வந்த வேர்வையோடு, கழற்றாத கோட்டோடு நின்றேன். பிறகு கிளாஸை வாயில் வைத்து ஒரு மிடறு இழுத்து, கண்ணை மூடி விழுங்கினார்.

"இனிக்குதோ?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா. இனிக்கேல்லை."

"மெய்யாவோ?"

"இதுதான் அது. நல்லாத் தேடிப் பிடிச்சிருக்கிறீர்."

நான் குசினிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கும் பசித்தது. பானையில் இருந்த பழஞ்சோற்றை நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டேன். அடுத்த நாள் நர்ஸுக்குச் சொன்னேன். கடைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னேன். கோயிலில் பூக்கட்டுகிற பெண்களுக்குக்கூட, வைன் என்று சொல்லக் கூச்சப்பட்டு மருந்து என்று மாற்றிச் சொன்னேன். நான் கொண்டுவந்தது ஒன்றுதான் அவருக்கு இனிக்கவில்லை என்று பெருமையடித்துத் திரிந்தேன்.

தினமும் பின்னேரம் ஓரிரு மிடறு அளவு ஊற்றிக் கொடுப்பேன். மெதுவாகக் குடிப்பார். குடித்து முடிந்ததும் தண்ணீர் கேட்டு வாயைக் கொப்பளிப்பார். வாய் காய்கிறதாக்கும் என்று நினைப்பேன். ஒருநாள், "இண்டைக்கு வேண்டாமே," என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உலகத்தில் இந்த ஒன்றுதான் உங்களுக்கு இனிக்காதது, இதையும் வேண்டாம் என்றால் நான் எங்கே போவேன் என்று சத்தம் போட்டேன். கையை நீட்டிக் கிளாஸை வாங்கிக் குடித்தார். கடைசி நாட்களில் கிளாஸ் பிடிக்க ஏலாமல் போனபோது கரண்டியால் பருக்கினேன். ஒரு முறை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கன்னத்தைத் தடவிக் கெஞ்சினேன். வாயைத் திறந்தார், விழுங்கினார்.

மழை பெய்த ஒரு காலையில் போனார். பக்கத்தில் நான் இருந்தேன். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

எங்கள் ஆட்களிடம் எட்டாம் நாள் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் ஆசையாகத் தின்றது, குடித்தது எல்லாவற்றையும் சமைத்து, வாங்கி, படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். மச்சம் மாமிசம், சாராயம் எதற்கும் அன்று தடையில்லை. நண்டுக் கறி, மீன் பொரியல், புட்டு எல்லாம் செய்தேன். தம்பி விஸ்கி கொண்டுவந்தார். குளிர்ப்பெட்டிக் கதவில் அந்த அரைப் போத்தலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கிளாஸில் ஊற்றி நடுவில் வைத்தேன். படையலில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதுதான். அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறையைச் சாத்திக் கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டுத் திறந்தோம். ஒரு பங்கை எடுத்துக் காகத்துக்கென்று பின்வளவில் வைத்தேன், அதை லண்டன் தெருவில் திரிகிற நரி வந்து தின்றது. மிச்சத்தை நாங்கள் பகிர்ந்து சாப்பிட வேண்டும். அண்ணை கடைசியாகக் குடித்தது என்று தம்பி அந்தக் கிளாஸைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு வாய் குடித்தார்.

குடித்தவர் என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார்.

"அண்ணி, இது பாணியெல்லே. பல்லில ஒட்டுது."

உமக்கும் நாக்குப் பழுதாய்ப் போச்சோ என்று கேட்டேன். அவர் கிளாஸை நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வைனை வாயில் வைத்தேன். பனம்பாணியைக் கரைத்த மாதிரி இனித்தது. தொண்டை வரைக்கும் இனித்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

தம்பி நல்ல மனுசன். பக்கத்தில் குந்தியிருந்து ஆறுதல் சொன்னார். அண்ணைக்கு நாக்குத் தலைகீழாய் இருந்தது, இனிக்காததெல்லாம் இனித்தது, அப்படியென்றால் இனிப்பு அவருக்கு இனிக்காமல் இருந்திருக்கும்தானே என்றார். எனக்கு அது போதும்போல இருந்தது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கிழமைகளில் கடையைத் திறந்தேன், மூடினேன், படுத்து எழும்பினேன். நோய் செய்த குழப்பத்தில் என் பிழையும் சரியாகிவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அதற்கு முன்னால் சரியான போத்தலை ஒருதரம் அவருக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதே கடைக்குப் போனேன். அதே பெடியன் நின்றான். இந்த முறை வாயைத் திறந்து கேட்டேன். சோத்தேர்ன் தோட்டங்களில் செய்கிற இனிக்காத வைன் வேண்டும் என்றேன். அவன் சந்தோஷமாக விளக்கம் சொன்னான். இனிப்பு வைனுக்கு மட்டும்தான் அந்த ஊர்ப் பெயர் போடலாம், அது சட்டம். அதே தோட்டத்து இனிக்காத வைனுக்கு அந்தப் பெயரைப் போட விடமாட்டார்கள், அதனால் வெறுமனே போர்தோ என்று பொதுப்பெயரில் வரும். பெயரைப் பார்த்துத் தேடுகிறவர்களுக்கு எப்போதும் இனிப்புத்தான் கிடைக்கும் என்றான். பிறகு இரண்டு போத்தலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான். ஒன்று தாலிக்கொடி மாதிரிப் பொன் மஞ்சள். மற்றது கிட்டத்தட்டத் தண்ணீர் நிறம், ஓரத்தில் ஒரு பச்சைச் சாயல். மூடியைத் திறக்கவே தேவையில்லை, அந்த ஊரில் ஒருநாள் வேலை செய்தவனுக்கும் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றான்.

யன்னல் வெளிச்சத்தில் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பார்த்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயில் வைக்கமுதலே அவருக்குத் தெரியும். கோட்டோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, தெரிந்துகொண்டே குடித்திருக்கிறார். அன்றைக்கு மட்டுமா. ஒவ்வொரு பின்னேரமும். உலகத்திலேயே அவர் வெறுத்த அந்த இனிப்பை, இனிப்பிலேயே பெரிய இனிப்பை, என் சந்தோஷம் கெட்டுப்போகும் என்று விழுங்கியிருக்கிறார். நான் அதைக் கரண்டியில் எடுத்து, மூடின வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றியிருக்கிறேன். ரெயினில் வரும்போது எதிரே இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வாய்விட்டு அவரைத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தியேட்டிப் படையல் சைவம், அதில் வைன் வைக்க முடியாது. அதனால் முதல் நாள் பின்னேரமே அவருடைய படத்தை யன்னலோரம் வைத்து, அதே கிளாஸில் ஊற்றினேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வெளியே போகிற பஸ் கிளாஸுக்குள்ளால் தெரிந்தது. மணந்தேன், தேன். ஒரு மிடறு குடித்தேன். புளிப்பு. நாக்கு வறண்டு, சுண்ணாம்பை நக்கினதுபோல வாய் துப்பரவாகிப் போனது. சரியான போத்தலைக் கொடுத்திருந்தாலும் அந்த நாக்குக்கு இதுவும் இனித்திருக்குமோ என்னவோ. அதை இனி யாரிடம் கேட்பது.

"இதுதான் உங்கட வைன்," என்று படத்துக்குச் சொன்னேன். "உது இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, கோட்டையும் கழட்டாமல் அடுத்த ரெயினிலயே திரும்பப் போயிருப்பன். சொல்ல வாய் வரேல்லையோ உங்களுக்கு?"

படம் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டு இருந்தது. கிளாஸில் இருந்த மிச்சத்தையும் நான்தான் குடித்து முடித்தேன். ஒரு மிடறும் இனிக்கவில்லை.